மேகத்தில் வைத்த பத்திரம்

"கிளவுட்" என்று ஒரு வார்த்தை இப்போது நமது ஜனங்களிடையே வெகு தாராளமாய் வழங்கி வருகின்றது. கள்ளக்குறிச்சி கடைவீதியில் செல்போன் ரிப்பேர் செய்கிறவர் முதற்கொண்டு, தாலுக்கா கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் வரையில், "உங்கள் பத்திரமெல்லாம் கிளவுட்டில் இருக்கிறது, ஒன்றும் பயமில்லை" என்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் ஆகாயத்தைக் காட்டுகிறார்கள். அந்த வார்த்தைக்குத் தமிழில் மேகம் என்று பொருளாதலால் காட்டுகிறவர் பேரிலும் குற்றமில்லை. ஆனால் ஆகாயத்தைக் காட்டிய மாத்திரத்தில் கேள்வியை நிறுத்திக் கொள்ளும் வழக்கம் நமது நாட்டில் வெகு காலமாய் இருந்து வருவதும், அதனால் லாபமடைந்தவர்கள் யார், நஷ்டமடைந்தவர்கள் யார் என்பதும் நமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயங்களல்ல. ஆகையால் இந்த மேகத்தையும் சற்றுக் கீழே இறக்கி வைத்துப் பரிசோதித்துப் பார்க்கலாமென்று எண்ணுகின்றோம்.

கிளவுட் என்பது என்ன? பிறத்தியாருடைய கம்ப்யூட்டர். அவ்வளவுதான். அது வானத்தில் மிதக்கவில்லை. நான்கு சுவரும், பூட்டும், காவலும், ஓயாத மின்சாரமும், குளிர்க்காற்றும் உள்ள ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கும் டிஸ்க்குகளில் நம்முடைய போட்டோவும் பட்டாவும் கிடக்கின்றன. கட்டடம் ஒரு கம்பெனியுடையது. சாவி அந்தக் கம்பெனியினிடத்தில். ஆகாயத்திலிருக்கிறது என்று நினைக்கிறவன் ஒன்றும் கேட்க மாட்டான். இன்னார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தவனோ, "சாவி யாரிடம்? வாடகை என்ன? நாளைக்கு வெளியே போ என்றால் என் சாமான் என்ன ஆகும்?" என்று கேட்பான். இந்த மூன்று கேள்விகளையும் கேட்க வைப்பதுதான் இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

பட்டா இல்லாத குடியிருப்பு

கல்வராயன் மலைவாசிகளுக்கு இந்தச் சங்கதி நம்மைவிட நன்றாய் விளங்கும். மற்ற நாடெங்கும் ஜமீன்கள் ஒழிந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னுங்கூட, அதாவது 1976-ம் வருஷம் வரையில், அம்மலையானது மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்து வந்தது. காட்டைத் திருத்தினவன் மலையாளி ஜாதிக் குடியானவன். சாமையும் தினையும் விதைத்தவன் அவன். ஆனால் நிலம் அவனுடையதென்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இருக்கச் சொன்னால் இருக்கலாம், போகச் சொன்னால் போக வேண்டியதுதான். ஜாகீர்தார் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. நல்லவராகவே இருந்தாலும், அவருடைய நல்ல குணத்தை நம்பித்தானே குடி இருக்க வேண்டியிருந்தது? அதற்குப் பெயர்தான் அடிமைத்தனம் என்பது.

இன்று பெரிய கம்பெனிகள் இனாமாய்க் கொடுக்கும் பெட்டியில் நம்முடைய காகிதங்களை வைத்துக் கொண்டிருப்பதும் இந்தவிதக் குடியிருப்புத்தான். கூகுள் கம்பெனியார் போட்டோக்களை அளவின்றி இனாமாய் வைத்துக் கொள்ளலாமென்று சொல்லி உலகத்தையே பழக்கிவிட்டு, 2021-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி முதல் 15 ஜிகாபைட்டுக்கு மேல் போனால் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத கணக்குகளை அழிக்கும் ஏற்பாட்டை 2023 டிசம்பரில் ஆரம்பித்தார்கள். அவர்கள் சொத்து, அவர்கள் சட்டம். இதில் நாம் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போய், போன் நம்பர் மாறி, பாஸ்வேர்டு மறந்து, இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வருகிற ஒரு தொழிலாளியின் ஜாதி சர்டிபிகேட்டும் நில அனுபவப் போட்டோவும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழைக்குத்தான் இந்தக் கதி, பணக்காரனுக்கு இல்லை என்று எண்ண வேண்டாம். குஜராத்தில் வாடினார் என்னுமிடத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி என்ற கம்பெனிக்கு 2025-ம் வருஷம் ஜூலை மாதம் என்ன நேர்ந்தது? ருஷியப் பங்குதாரர் இருக்கிற காரணத்தால் ஐரோப்பியக் கூட்டமைப்பு அதன்மேல் தடை விதித்தது. உடனே அமெரிக்க மைக்ரோசாப்ட் கம்பெனியார் அந்த ஆலைக்குக் கொடுத்து வந்த கடிதப் போக்குவரத்து முதலிய வசதிகளை நிறுத்திவிட்டார்கள். பணம் கட்டியிருந்தும் பயனில்லை. நயாராகாரர்கள் டில்லி ஹைகோர்ட்டுக்கு ஓடினார்கள். அதன் பிறகே வசதி திரும்பி வந்தது. தடை போட்டது ஒரு கண்டத்தில், கதவைச் சாத்தினது இன்னொரு கண்டத்தில், வெளியே நின்றது குஜராத்தில்! எண்ணெய் ஆலைக்கு வக்கீல் வைக்கப் பணமிருந்தது. வெள்ளிமலைக் குடியானவன் எந்தக் கோர்ட்டுக்கு ஓடுவான்?

இதனால் அந்தக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களெல்லாம் திறமையற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. டிஸ்க்கைக் காப்பதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்களே. நாம் சொல்லுவதெல்லாம், முழு நம்பிக்கையும் ஓரிடத்தில், அதுவும் நம் கைக்கு எட்டாத ஓரிடத்தில் வைக்கலாகாது என்பதேயாகும்.

காகிதம் இல்லாதவனுக்கு நியாயம் ஏது?

"இதெல்லாம் எதற்கு? காகிதத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். 2022-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் நடந்த கலவரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது, ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளும் சாம்பலாய்ப் போனதை நம் ஜில்லாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓரிடத்தில் ஒரே பிரதியாக இருந்ததால் வந்த வினை அது. காகிதமானாலும் டிஸ்க்கானாலும் நியாயம் ஒன்றுதான். தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் சர்க்காரின் கம்ப்யூட்டர் கட்டடம் தீப்பிடித்தபோது, உத்தியோகஸ்தர்கள் சேமித்து வந்த 858 டெராபைட் அளவுள்ள ரிக்கார்டுகள் வேறிடத்தில் பிரதியில்லாத காரணத்தால் ஒரேயடியாய்ப் போய்விட்டன. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற பென்ஷன் நிதியின் கணக்கு 2024 மே மாதத்தில் கூகுள் கம்பெனியின் ஒரு பிசகினால் அடியோடு அழிக்கப்பட்டும், அவர்கள் வேறொரு கம்பெனியிடம் இன்னொரு பிரதி வைத்திருந்தபடியால் பிழைத்தார்கள். பணக்கார சர்க்கார் இழந்தது, முன்யோசனைக்கார நிதி தப்பியது. இதில் தெய்வச் செயல் எங்கே இருக்கிறது?

நமது மலைவாசிகளுக்கு இது வெறும் போட்டோ விவகாரமல்ல. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி ஒரு பழங்குடிக் குடும்பம் தன் அனுபவ நிலத்துக்கு உரிமை கேட்க வேண்டுமானால், 2005-ம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்தே அந்நிலம் தன் அனுபவத்தில் இருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சியங்களால் காட்ட வேண்டும். பழைய ரசீது, பெரியவர் வாக்குமூலம், வீடு, கிணறு, கல்லறை இவற்றின் படம், கிராமசபைத் தீர்மானம் எல்லாம் வேண்டும். 2024-ல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் சென்னை ஹைகோர்ட்டு தானாகவே கேஸ் எடுத்து, கல்வராயன் மலையின் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் முதலியவற்றின் நிலையை விசாரித்தது. அவ்வித விசாரணைகளில் சர்க்கார் தரப்பில் கட்டுக்கட்டாய்க் காகிதம் வரும். ஜனங்கள் தரப்பில் என்ன வரும்? எந்தத் தேதியில் எந்த மனு கொடுத்தோம், யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார், எந்த மழையில் எந்தப் பாலம் போயிற்று என்பதற்கு ஆதாரம் யாரோ ஒரு வாலிபரின் வாட்ஸப்பில் கிடக்கும். அந்தப் போன் ஓடையில் விழுந்தால் ஆதாரமும் ஓடையில் போயிற்று.

சர்க்காரின் டிஜிலாக்கர் 2015 முதல் இருக்கிறதே என்றால், இருக்கட்டும். சர்க்கார் கொடுத்த சர்டிபிகேட்டுக்கு அது நல்ல இடம். தாராளமாய் உபயோகிக்க வேண்டியதுதான். ஆனால் சர்க்காருக்கு நாம் கொடுத்த மனுவின் நகலையும், சர்க்கார் செய்யாத வேலையின் போட்டோவையும், நமது சங்கத்தின் தீர்மானப் புஸ்தகத்தையும் சர்க்கார் பெட்டியை மாத்திரம் நம்பி வைப்பது புத்திசாலித்தனமா? வாதி தன் தஸ்தாவேஜைப் பிரதிவாதியின் அலமாரியில் வைப்பாரா?

"சென்னையிலும் தென்காசியிலும் ஜோகோ என்ற நம்மவர் கம்பெனி இருக்கிறதே, மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் கடிதங்களே அங்கே போய்விட்டனவே" என்பார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும் கம்பெனி என்பதில் நமக்கும் சந்தோஷமே. ஆயினும் ஜாகீர்தார் நம்மூர்க்காரராய் இருந்துவிட்டால் பட்டா வந்துவிடுமா? சாவி யாரிடம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறதல்லவா?

நாமே வைத்துக் கொள்ளும் வழி

அப்படியானால் என்ன செய்வது? ஒரு சங்கமோ, ஒரு படிப்பகமோ, ஒரு கிராமத்து வாலிபர் கூட்டமோ சொந்தமாக ஒரு சேமிப்புச் சர்வர் வைத்துக் கொள்ளலாம். இது லட்சக்கணக்கில் பணம் பிடிக்கும் காரியமல்ல. எந்தப் புத்தகத்திலும் ஒளித்து வைத்திருக்கும் ரகசியமுமல்ல.

முதலில் யந்திரம். யாரோ ஒருவர் ஒதுக்கிவிட்ட பழைய கம்ப்யூட்டர், நான்கு ஜிகாபைட் ஞாபகசக்தி உள்ளதாக இருந்தால், ஒரு கிராமத்துக்குப் போதும். அதில் புதிய டிஸ்க்கு ஒன்று மாத்திரம் விலைக்கு வாங்கிப் போட வேண்டும். பழைய டிஸ்க்கை நம்பக்கூடாது. ஒரு பக்கம் காகிதத்தைப் படமெடுத்தால் சுமார் ஒரு மெகாபைட் ஆகுமென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெராபைட் டிஸ்க்கில் பத்து லட்சம் பக்கம் அடங்கும். கல்வராயன் மலையின் சகல கிராமசபைத் தீர்மானங்களையும் வைத்த பிறகும் இடமிருக்கும். மின்சாரச் செலவோ, 15 வாட் இழுக்கும் சிறு பெட்டியானால் மாதம் சுமார் 11 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய பெட்டியானால் சுமார் 43 யூனிட். கணக்கு யாரும் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது லினக்ஸ். இதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், கம்ப்யூட்டரை ஓட்டும் எழுத்துக்களை யாரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டுமென்று குனு என்ற இயக்கத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து தேசத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுக் காலேஜ் மாணவர் லினக்ஸை எழுதி உலகத்துக்குக் கொடுத்தார். இதைப் பல தேசத்தவரும் கூடித் திருத்தி வளர்த்து வருகிறார்கள். டெபியன் அல்லது உபுண்டு என்ற பெயரால் கிடைப்பதில் ஒன்றை எடுத்துக் கொண்டால் போதும். நிறுவும்போதே டிஸ்க்கு முழுவதையும் ரகசிய எழுத்தாக்கிப் பூட்டும்படி கேட்கும். சரி என்று சொல்லிவிட வேண்டும். திருடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் வந்து கடவுச்சொல்லை அடித்தால்தான் யந்திரம் எழுந்திருக்கும். ஆகையால் ஒரு யு.பி.எஸ். பெட்டியும் அவசியம்.

மூன்றாவது நெக்ஸ்ட்கிளவுட். 2016-ல் ஜெர்மனியில் பிராங்க் கார்லிட்செக் என்பவரும் கூட்டாளிகளும் ஆரம்பித்தது. போட்டோவும் காகிதமும் நாள்குறிப்பும் வைக்கவும், செல்போனிலிருந்து தானாகவே நகல் ஏறவும் இதில் ஏற்பாடு இருக்கிறது. உபுண்டுவில் ஸ்னாப் என்ற வழியாய் ஒரே கட்டளையில் ஏறிவிடும். வடஜெர்மனியிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாண சர்க்கார், தன்னுடைய சுமார் 30,000 மேஜைகளையும் மைக்ரோசாப்ட்டிலிருந்து விடுவித்து லினக்ஸுக்கும் நெக்ஸ்ட்கிளவுட்டுக்கும் மாற்றுவதென்று 2024-ல் அறிவித்தது. ஒரு ராஜாங்கத்துக்குத் தகுமென்றால் ஒரு படிப்பகத்துக்குத் தகாதா?

மலையில் சிக்னல் கிடையாதே என்ற ஆட்சேபம் வரும். இதில்தான் சொந்தச் சர்வரின் மேன்மை விளங்குகிறது. வெள்ளிமலையில் ஒரு அறையில் பெட்டியும், ஒரு வைபை ரவுட்டரும் இருந்தால், இன்டர்நெட்டே இல்லாவிட்டாலும் அந்த அறைக்கு வந்தவர்கள் தங்கள் போனிலிருந்து காகிதத்தை ஏற்றலாம், எடுக்கலாம். அமெரிக்கா போய் வர வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில் இன்னொரு பெட்டி இருக்கட்டும். கச்சிராயபாளையம் வழியாக வரும் தொடர்பு எப்போது உயிர்பெறுகிறதோ அப்போது மலைப்பெட்டியின் நகல் ஊர்ப்பெட்டிக்கு இறங்கட்டும். மலையில் தீப்பிடித்தால் ஊரில் இருக்கும். ஊரில் வெள்ளம் வந்தால் மலையில் இருக்கும்.

பந்தோபஸ்து

சொந்தப் பெட்டி என்றதாலேயே பத்திரம் வந்துவிடாது. பூட்டாத சொந்த வீட்டைவிடப் பூட்டிய வாடகை வீடு மேல். ஆகையால் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாய்க் கவனிக்கும்படி வாலிபத் தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.

வாசல்: கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கான வாசல்கள் உண்டு. யு.எப்.டபிள்யூ. என்ற காவல் ஏற்பாட்டினால் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, காகிதம் போய் வர 443-ம் வாசலையும், நிர்வாகத்துக்கு 22-ம் வாசலையும் மாத்திரம், அதுவும் உள்ளறைக்கு மாத்திரம், திறக்க வேண்டும். நிர்வாக வாசலில் பாஸ்வேர்டை ஒழித்துச் சாவிக்கோப்பு உள்ளவர் மாத்திரமே நுழையும்படி செய்ய வேண்டும். சர்வாதிகாரக் கணக்காகிய ரூட் நேராக உள்ளே வரக்கூடாது. சாதாரணக் கணக்கில் வந்து தேவைப்பட்டபோது மாத்திரம் அதிகாரம் கேட்டுப் பெற வேண்டும். இது நல்ல ராஜ்ய நீதியுங்கூட.

வழி: பெட்டியை உலகத்துக்கெல்லாம் திறந்து வைக்க வேண்டிய அவசியமில்லை. ஊர்ப்பெட்டிக்கும் மலைப்பெட்டிக்கும் இடையே வயர்கார்டு என்ற சுரங்கவழி போட்டுக் கொள்ளலாம். 2020 முதல் அது லினக்ஸின் உள்ளேயே சேர்ந்திருக்கிறது. இதற்கு ஒரு முனையிலாவது தனி விலாசம் வேண்டும். அநேக இன்டர்நெட் கம்பெனிகள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே விலாசத்தைக் கொடுத்திருக்குமாதலால், கள்ளக்குறிச்சி முனைக்கு நிலையான விலாசம் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். மலைமுனை தானே கூப்பிட்டுச் சேர்ந்து கொள்ளும். பேச்சை ஒட்டுக்கேட்க முடியாதபடி செய்யும் எச்.டி.டி.பி.எஸ். சர்டிபிகேட்டை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற தர்ம ஸ்தாபனம் இனாமாய்க் கொடுக்கிறது. அது குறுகிய தவணைக்கே செல்லுமாதலால் தானாகப் புதுப்பித்துக் கொள்ளும் ஏற்பாட்டையும் கூடவே செய்துவிட வேண்டும்.

திருத்தம்: இதுதான் முக்கியம். 2019-ம் வருஷம் அக்டோபர் 24-ந் தேதி, நெக்ஸ்ட்கிளவுட்டோடு கூட ஓடும் பி.எச்.பி. என்ற பகுதியில் ஓட்டை இருக்கிறது, உடனே திருத்திக் கொள்ளுங்கள் என்று எச்சரிக்கை வந்தது. திருத்தமும் கூடவே கிடைத்தது. நவம்பரில் நெக்ஸ்ட்கிரை என்ற கொள்ளைக்கார எழுத்து, திருத்தாதவர் பெட்டிகளில் அந்த ஓட்டை வழியாய் நுழைந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. எச்சரிக்கையைப் படித்துத் திருத்தியவனுக்கு அந்த வழியால் வந்த நஷ்டம் ஒன்றுமில்லை. அது விதியுமல்ல, கிரகபலனுமல்ல. லினக்ஸின் பந்தோபஸ்துத் திருத்தங்கள் தினமும் தானாக ஏறும்படி செய்ய வேண்டும். நெக்ஸ்ட்கிளவுட்டின் பெரிய பதிப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வருஷமே ஆதரிக்கப்படும். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்கவும் முடியாது. ஆகவே சோம்பேறிகளுக்கு இது ஏற்ற காரியமல்ல.

ஆள்: ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு என்பது ஊருக்கெல்லாம் ஒரே பல்குச்சி என்பது போன்ற அசுத்தமாகும். பாஸ்வேர்டோடுகூட, செல்போனில் அரை நிமிஷத்துக்கு ஒரு முறை மாறும் ஆறிலக்க எண்ணையும் கேட்கும்படி வைத்தால், பாஸ்வேர்டைத் திருடினவனும் வெளியேதான் நிற்பான்.

பிரதி: ஒரே யந்திரத்தில் இரண்டு டிஸ்க்கைக் கண்ணாடிபோல் ஒன்றுக்கொன்று சமமாய் ஓட்டுவது பிரதி ஆகாது, ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடும். கோப்புகள், டேட்டாபேஸ், அமைப்புக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் சேர்த்து ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற கருவியால் பூட்டி ராத்திரிதோறும் ஊர்ப்பெட்டிக்கு அனுப்ப வேண்டும். மாதத்துக்கொரு முறை ஒரு தனி டிஸ்க்கில் எடுத்து, கம்பியைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு தடவை அந்தப் பிரதியிலிருந்து வேறொரு யந்திரத்தில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி, பரலோகத்தில் சேர்த்து வைத்த புண்ணியம் போன்றதுதான்; இருக்கிறதென்று சொல்லிக் கொள்ளலாம், கையில் வாங்க முடியாது.

இவ்வளவையும் செய்யாமல் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, விபூதி பூசி, சாம்பிராணி காட்டுகிறவர்கள் இன்னும் ஆபீஸ்களில் இருக்கிறார்கள். விபூதித் தூள் விசிறிக்குள் போய் அடைத்துக் கொள்ளுமே தவிர, வைரஸை அடைக்காது. அந்த நாளை யந்திரத்தின் தூசியைத் தட்டவும், பிரதியை மீட்டுப் பார்க்கவும் செலவிட்டால் வருஷத்துக்கு ஒரு நாளாவது உருப்படியாய்க் கழியும்.

புதிய புரோகிதர் வேண்டாம்

"இதெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்களுக்கு, இஞ்சினீயர்களுக்கு, நமக்கு எப்படி வரும்?" என்று சொல்லுவதுதான் எல்லா ஆட்சேபங்களிலும் மோசமானது. வேதத்தை நாம் கேட்கக்கூடாதென்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே பிறர் நம்மைத் தடுத்தார்கள். இங்கே நம்மை நாமே தடுத்துக் கொள்ளுகிறோம். லினக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் மந்திரம்போல் தோன்றும். ஆனால் "மேன்" என்று அடித்து, ஒரு இடம் விட்டு, அந்தக் கட்டளையின் பெயரைப் போட்டால், அதன் அர்த்தம் என்ன, என்ன செய்யும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் யந்திரமே அவிழ்த்துச் சொல்லிவிடும். அர்த்தம் கேட்டால் கோபிக்கும் மந்திரத்தையே அறிந்த நமக்கு இது புதுமையல்லவா? இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் குறைவில்லை. கணியம் என்ற மின்னிதழார் 2012 முதல் இவ்விஷயங்களை எளிய தமிழில் எழுதி இனாமாய்க் கொடுத்து வருகிறார்கள். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு என்ற வாலிபர் கூட்டம் சம்பளம் வாங்காமல் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாய்ப் பிரிந்ததே தவிர, விழுப்புரத்துக்குப் போகும் பஸ் நின்றுவிடவில்லை.

ஆனால் இதில் ஒரு அபாயம் இருக்கிறது. ஒருவர் கற்றுக் கொள்வார்; சாவி அவரிடமே தங்கும்; நாளடைவில் "அவரைக் கேட்காமல் தொடாதே" என்றாகும்; கடைசியில் அவர் புதிய புரோகிதராய் உட்கார்ந்து கொள்வார். அன்றியும், சர்வரை நடத்துகிறவர் நினைத்தால் பிறர் கோப்புகளைத் திறந்து பார்க்க முடியும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கம்பெனிக்காரன் பார்ப்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பது சில சமயம் அதிக ஆபத்து. ஒரு பெண்ணின் ஆஸ்பத்திரிச் சீட்டும், ஒரு குடும்பத்தின் கடன் பத்திரமும் ஊர்ப்பேச்சாகிவிடக் கூடாதல்லவா?

ஆகையால் நிர்வாகச் சாவி குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாயிருக்க வேண்டும். என்னென்ன செய்தோம் என்பதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி, இருவரும் இல்லாத காலத்தில் மூன்றாமவர் படித்து நடத்தும்படி வைக்க வேண்டும். டிஸ்க்குக் கடவுச்சொல்லையும் பிரதியின் கடவுச்சொல்லையும் உறையிலிட்டு ஒட்டி வேறொரு இடத்தில் வைக்க வேண்டும். அது தொலைந்தால் திருடனுக்குப் போட்ட பூட்டு நமக்கே விழுந்துவிடும். பொதுக் காகிதம் வேறு, தனிக் காகிதம் வேறு என்று பிரித்து, அவசியமில்லாத ஆதார் நகல்களைச் சேர்க்காமலிருக்க வேண்டும். மிகவும் அந்தரங்கமானதை வைக்க விரும்புகிறவர் தாமே தனியாகப் பூட்டி வைத்துக் கொள்ளக் கற்றுக் கொடுக்க வேண்டும். எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். கணக்குக் கேட்கப்படாத அதிகாரம் கோவிலில் இருந்தாலும் கம்ப்யூட்டரில் இருந்தாலும் ஒரே பலனைத்தான் கொடுக்கும்.

முடிவாகச் சொல்லுகின்றோம். எல்லாரும் இன்றைக்கே எல்லாக் கம்பெனிப் பெட்டிகளையும் காலி செய்துவிட வேண்டுமென்பது நமது அபிப்பிராயமல்ல. அவசரப்பட்டு அழித்துவிட்டு அழுவதில் அறிவில்லை. முதலில் அங்கே இருப்பதை இங்கே ஒரு நகல் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். மீட்டுப் பாருங்கள். பிறகு எது எங்கே இருக்க வேண்டுமென்பதை நீங்களே தீர்மானியுங்கள். கல்வராயன் மலைக்காரர்களுக்குத் தங்கள் நிலத்தின் பேரில் ஒரு துண்டுக் காகிதம் கிடைக்க எத்தனை தலைமுறை ஆயிற்று! இன்னும் கிடைக்காதவர் எத்தனை பேர்! அப்படிக் கிடைத்த காகிதத்தையும், கிடைக்கப் போராடும் காகிதத்தையும் இன்னொருவர் தயவில் விட்டு வைப்பது சுயமரியாதைக்கு ஒத்ததாகுமா? ஒரு பழைய யந்திரமும், ஒரு புதிய டிஸ்க்கும், ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரமும் கொடுக்கக்கூடிய நான்கு வாலிபர்கள் கள்ளக்குறிச்சியிலும் வெள்ளிமலையிலும் இல்லாமற் போகவில்லை. அவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.